பையில் மாற்றி வைத்த ஆறு தோட்டாக்கள்

குமரேசா,

நஞ்சன்கூட்டில் உன் அறைக்கு இந்தக் கடிதம் வரும்போது கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கும். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பிரிக்காதே. சாயங்காலம் வந்து, கை கால் கழுவி, காபி குடித்துவிட்டுப் படி. போனில் சொல்லலாம் என்று இரண்டு முறை உன்னைக் கூப்பிட்டேன். முதல் முறை மண்டபத்துச் சமையல்காரரைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இரண்டாவது முறை மழை பெய்கிறதா என்று கேட்டேன். "என்னப்பா, மழைக்கா போன் பண்ணீங்க" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குப் பிறகு வாயைத் திறக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன் அப்பா புத்திமதி எழுதியிருக்கிறார் என்று நினைத்துவிடாதே. உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இத்தனை காகிதம்.

உன் வலது கண் போனதற்குக் காரணம் மாதேஷ் கொடுத்த இரும்புத் தோட்டா இல்லை. அது என் தோட்டா. நான்தான் உன் பையில் வைத்தேன். இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் சுற்றி வளைத்து எங்கேயாவது நழுவிவிடுவேன். ஒன்பது வருஷமாக நழுவிப் பழகியவன் நான்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் நான் எப்படி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ராணுவ வெடிமருந்துக் கிடங்கில் பதினேழு வருஷம் இருந்தேன். சுட்டவனில்லை, சுடுகிறவர்களுக்கு எண்ணிக் கொடுத்தவன். பயிற்சி முடிந்ததும் காலி ஓடுகள் சாக்கில் திரும்பி வரும். ஒன்று குறைந்தாலும் மைதானத்தில் மண்டியிட்டுத் தேட வேண்டும். அத்தனையும் பித்தளை. கையில் அள்ளினால் சில்லென்று இருக்கும், ஒன்றோடொன்று இடித்தால் நல்ல சத்தம் வரும். பித்தளை மேல் எனக்கு ஒரு பக்தியே வந்துவிட்டது. மைசூருக்கு வந்து வங்கிக் கிளையில் காவலாளி ஆனபோது, இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு உரிமம் வாங்கின கையோடு ஒரு பெட்டித் தோட்டாவும் வாங்கினேன். சிவப்புப் பிளாஸ்டிக் உடம்பு, அடியில் பித்தளைக் கிண்ணம். கடைக்காரர் எதிரிலேயே காந்தம் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். இரும்புக் கிண்ணத்துக்குப் பித்தளை முலாம் பூசியும் விற்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், காந்தம்தான் காட்டிக் கொடுக்கும். அந்தப் பெட்டியில் ஒன்றைக்கூட நான் சுட்டதில்லை. வங்கி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளி எதைச் சுடுவான். தோல் வாரில் செருகிக்கொண்டு போவேன், வருவேன். தோல் பட்ட இடத்தில் பித்தளை பச்சை பூக்கும். அதை வருஷத்துக்கு ஒரு முறை தேய்த்து எடுப்பேன். எப்போது என்று உனக்குத் தெரியும்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அக்ரஹாரம் வீட்டு முன்னறையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்துவிடுவேன். ஒரு பக்கம் உன் அம்மாவின் குத்துவிளக்கு, சொம்பு, மணி. இன்னொரு பக்கம் என் துப்பாக்கி, வாரின் கொக்கி, தோட்டாக்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பாலிஷ் புட்டி. மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வரும். நீ சின்னப் பையனாக இருந்தபோது "உவ்வே" என்று ஓடுவாய். தோட்டாவின் அடியை ஒவ்வொன்றாகத் தேய்த்து, கிண்ணமும் பிளாஸ்டிக்கும் சேருகிற விளிம்பில் குச்சியால் துணியை நுழைத்து, முகம் தெரியும் வரை விடமாட்டேன். மறுநாள் வாழை இலையில் வரிசையாக நிறுத்திக் குங்குமம் வைத்தால் விளக்கு வெளிச்சத்தில் தகதகவென்று இருக்கும். தெருவில் எத்தனை வீட்டில் ஸ்கூட்டருக்கும் தையல் மிஷினுக்கும் பூசணிக்காய் உடைத்தார்கள். நம் வீட்டுப் பூஜையைப் பார்க்க மட்டும் நாலு பேர் வருவார்கள். அந்தப் பெருமைக்கு நான் அடிமை.

நீயும் மாதேஷும் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அவன் குண்டலுபேட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டுப் பசியோடு நிற்பான், உன் அம்மா தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே இருப்பாள். வீட்டில் கன்னடம், எல்லைக்காரன் என்பதால் தமிழும் நன்றாகவே வரும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் உதவிக்குப் போய்க்கொண்டிருந்த துப்பாக்கிச் சங்கத்தில் உங்கள் இரண்டு பேரையும் சேர்த்துவிட்டதும் நான்தான். பறக்கும் மண் தட்டைச் சுடுவதில் நீ ஆறே மாதத்தில் எல்லோரையும் தாண்டினாய். மாநில அணிக்குத் தேர்வு நடக்கப் போகிறது, உன் பெயரும் போகும் என்று செயலாளர் சொன்ன அன்று நான் வங்கி வாசலில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன். பணம் எடுக்க வந்த ஒரு கிழவரிடம்கூடச் சொன்னேன். அவர் "சரிங்க" என்று போய்விட்டார்.

அந்த வருஷம் பூஜை அன்று சாயங்காலம் மாதேஷ் ஒரு பெட்டி தோட்டாவோடு வந்தான். வெளிநாட்டுச் சரக்கு, அவன் அப்பாவின் பயிர்ப் பாதுகாப்பு உரிமத்தில் வாங்கியது. மறுநாள் விஜயதசமி, காலையில் சங்கத்தில் பயிற்சி. உனக்கு ஆறு எடுத்துக் கொடுத்தான். பயிற்சிக்கு அப்படி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது அங்கே வழக்கம்தான். நான் காந்தத்தை எடுத்து வந்து வைத்தேன். டக்கென்று ஒட்டியது. அப்போது நான் என்ன பேசினேன் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஒரு வார்த்தை விடாமல் இருக்கிறது.

"இரும்புடா இது. பித்தளைன்னா வெடிக்கும்போது விரிஞ்சு குழலோட ஒட்டிப் புகையை அடைச்சுக்கும், அடுத்த நொடியே சுருங்கிக்கும், ஓடு வழுக்கிட்டு வெளிய வரும். இரும்பு விரிஞ்சா விரிஞ்சதுதான். மாட்டிக்கும், கீறும், துருப் புடிக்கும். குண்டலுபேட்டையில பன்னி வெரட்டறதுக்கு இது போதும்."

மாதேஷின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. நீதான் எழுந்து நின்றாய். "சும்னெ இருங்கப்பா. உலகத்துல பாதிப் பேரு இதத்தான் சுடறாங்க. இரும்புக்குப் பலம் ஜாஸ்தி. உங்க கிடங்கு ஞாபகத்தையே எத்தனை நாளைக்குச் சொல்வீங்க?" என்றாய். மாதேஷ் உன் கையைப் பிடித்து, "பிடுடா, விடு, சார் நல்லதுக்குத்தான சொல்றாரு" என்றான். உன் அம்மா பொரி கடலைத் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, "ஏனுங்க, நல்ல நாளும் அதுவுமா" என்று என்னைப் பார்த்தாள். பேச்சு அதோடு நின்றது. எனக்குள் நிற்கவில்லை. பெற்ற பிள்ளை ஊரான் எதிரில் கிடங்கு ஞாபகம் என்று சொல்லிவிட்டான் என்று உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை சங்கத்தில் நீ பெயர் எழுதப் போயிருந்தாய். உன் இடுப்புப் பை பெஞ்சின் மேல் இருந்தது. மாதேஷின் ஆறையும் எடுத்து என் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பூஜையில் வைத்த என் தோட்டாவில் ஆறை உன் பையில் வைத்தேன். குங்குமத்தை மட்டும் துடைத்துவிட்டேன். சிவப்பு உடம்பு, மஞ்சள் அடி. உனக்கு வித்தியாசம் தெரியாது என்று தெரியும். நீ நன்றாகச் சுட்ட பிறகு, "எந்தத் தோட்டாடா அது, தெரியுமா?" என்று கேட்டு உன் வாயை அடைக்க வேண்டும். என் எண்ணம் அவ்வளவுதான். பிள்ளையின் நன்மைக்கு என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால் அதில் நன்மை கால் பங்குகூட இல்லை, மீதி எல்லாம் வீம்பு.

முதல் தட்டு பறந்தது. நீ சுட்டாய். சத்தம் வேறு மாதிரி இருந்தது. பதினேழு வருஷம் மைதான ஓரத்தில் நின்ற காதுக்கு அது உடனே தெரிந்துவிட்டது. துப்பாக்கி கீழே விழுந்தது. நீ கையால் முகத்தை மூடிக்கொண்டு, கத்தக்கூட இல்லை, "அப்பா, அப்பா" என்று மெதுவாக இரண்டு தடவை சொன்னாய். மாதேஷ்தான் உன்னைத் தூக்கினான். அன்றைக்கு தசரா ஊர்வலம், ஊருக்குள் எந்தத் தெருவும் திறந்திருக்கவில்லை. சங்கத்து ஜீப்பை வெளிவட்டச் சாலையில் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அவன் மடியில் உன் தலை. நான் முன் சீட்டில், கையில் உன் பை. என் சட்டைப் பையில், தரையிலிருந்து நான் பொறுக்கிக்கொண்ட பிளந்த கிண்ணம். காலி ஓட்டைக் கீழே விட்டுவிட்டு வரத் தெரியாதவன் நான். பழக்கம். பிள்ளை ரத்தத்தோடு கிடக்கும்போதும் குனிந்து பொறுக்கியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கிண்ணத்தைப் பார்த்தேன். விளிம்பிலிருந்து அடிவரை நேர்க்கோடாக விரிசல். அந்த வழியாகத்தான் நெருப்பும் புகையும் பின்னால் சீறி உன் கண்ணுக்கு வந்திருக்கிறது. பித்தளை. காந்தம் வேண்டியிருக்கவில்லை, என் கையாலேயே பாலிஷ் போட்ட பித்தளை. பிறகு உன் பையைத் திறந்து என் ஐந்து தோட்டாவை வெளியே எடுத்து, மாதேஷின் ஐந்தை உள்ளே வைத்தேன். காலையில் செய்தது வீம்பு. இது அயோக்கியத்தனம். சாயங்காலம் சங்கச் செயலாளர் வந்து பையை வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒன்றில் துருப் புள்ளி இருப்பதைக் கண்டுபிடித்தார். "இந்த இரும்புதான் போட்டானா?" என்று கேட்டார். "ஆமாங்க சார்" என்றேன். சுட்ட ஓடு எங்கே என்றார். அந்த அமளியில் கிடைக்கவில்லை என்றேன். உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள், வேலை போய்விடும், நீ என் முகத்தில் விழிக்கமாட்டாய் என்று மூன்று பயம் எனக்கு. மூன்றில் கடைசிதான் பெரியது.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். மாதேஷைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். போலீஸ் அவன் அப்பாவைக் கூப்பிட்டு விசாரித்தது, துப்பாக்கியையும் உரிமத்தையும் வாங்கி வைத்துக்கொண்டது. உனக்குப் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னார். அவன் நம் வீட்டுக்கு வருவது நின்றது. நீயும் அவன் பெயரை எடுக்கவில்லை. ஒரு முறை உன் அம்மா, "அந்தப் பையன் வேணும்னேவா செஞ்சான், பாவம்" என்று ஆரம்பித்தாள். "அவன் பேச்சு வேண்டாம்மா" என்று எழுந்து போனாய். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவன் மேல் உனக்கு அவ்வளவு வெறுப்பு என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லட்டுமா, அந்த வெறுப்பில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. அதை எழுதும்போது என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இத்தனை வருஷம் என்னைத் தாங்கிப் பிடித்தது ஒரே ஒரு சமாதானம். தோட்டா என்னுடையதுதான், ஆனால் தப்பு செய்தவன் பட்டறையில் எவனோ. ஏதோ ஒன்று பழுதாக வந்துவிட்டது. என் விதி, உன் விதி. இதைச் சொல்லிச் சொல்லித் தூங்கினேன். போன வருஷம் தசராவுக்கு முன் அதுவும் போயிற்று. வங்கி வாசலில் உட்கார்ந்து பெயர்ப் பலகையின் பித்தளை எழுத்துகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். லாக்கருக்கு வரும் ஒரு அம்மா, பொறியியல் கல்லூரியில் உலோகப் பாடம் எடுப்பவர், மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். இதில் அமோனியா இருக்கிறது, மூடின இடத்தில் தேய்க்காதீர்கள் என்று கன்னடத்தில் சொன்னார். பிறகு என் இடுப்பு வாரைப் பார்த்தார். "இதையும் இதால்தான் துடைக்கிறீர்களா?" என்றார். பெருமையாக ஆமாம் என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. எழுத்துப் பலகைக்கு ஒன்றும் ஆகாது, விளக்குக்கும் ஆகாது. ஆனால் தோட்டாவின் கிண்ணம் தகட்டை அழுத்தி இழுத்துச் செய்வது, அந்த இறுக்கம் பித்தளைக்குள்ளேயே இருக்கும், அதில் அமோனியா ஈரத்தோடு தங்கினால் உள்ளுக்குள் விரிசல் ஓட ஆரம்பிக்கும், வெளியே பளபளப்பாகவே இருக்கும் என்றார். அந்தக் காலத்தில் குதிரை லாயத்துப் பக்கம் வைத்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் தானாக வெடிப்பு விட்டதைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்களாம். இரும்புக்கு அப்படி ஆகுமா என்று கேட்டேன். "இரும்புக்கு இதனால் எதுவும் ஆகாது" என்றார். லாக்கர் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். விளிம்பில் குச்சியால் துணியை நுழைத்து நுழைத்து வருஷா வருஷம் நான் தேய்த்தது எதை என்று அப்போதுதான் புரிந்தது. மாதேஷ் கொடுத்ததை நீ சுட்டிருந்தால், ஓடு கொஞ்சம் இறுகியிருக்கும், நீ நகத்தால் நெம்பி எடுத்திருப்பாய், என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்திருப்பாய். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

அப்போதும் நான் சொல்லவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். ஒரு வருஷம் இன்னும் சும்மா இருந்தேன். கொள்ளேகாலில் உனக்கு நிச்சயமான அன்று, நீ பந்தலுக்கு வெளியே போன் பேசிக்கொண்டிருந்தபோது, கவிதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, இவருக்குக் கண்ணு எப்படிங்க போச்சு? நானும் ரெண்டு தடவை கேட்டுட்டேன், சொல்லவே மாட்டேங்கறாருங்க" என்றாள். வாய் பழகின பழக்கத்தில், ஒரு சிநேகிதன் கொடுத்த மட்டமான இரும்புத் தோட்டாம்மா என்றேன். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தாளு நல்லா இருப்பானுங்களா மாமா" என்றாள். என் மகனைக் கட்டிக்கொள்ள வரும் பிள்ளை, புடவை மடிப்பு கலையாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் பொய்யை நம்பி ஒரு நல்லவனைச் சபிக்கிறாள். இனி அவள் பெறப்போகும் பிள்ளைகளுக்கும் அதையே சொல்வாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன்; பார், அதுவும் பொய்.

கவிதாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிக்கொள்கிறேன், அப்பனாக இல்லாவிட்டாலும் பட்டவனாக. அவளுடைய நன்மைக்கு என்று அவளுக்குத் தெரியாமல் எதையும் செய்யாதே. அவள் தப்பு என்று தோன்றினால் அவள் முகத்துக்கு நேராகச் சொல். தோற்றுப் போனால் தோற்றுப் போ. நான் உன்னிடம் வாதத்தில் தோற்கமுடியாமல்தான் உன் பையில் கை வைத்தேன். தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. மறுநாள் சொல்லலாம் என்று வைத்தால் மறுநாள் அது இரண்டு தப்பாகிவிடுகிறது, ஒரு வருஷம் கழித்து எண்ணவே முடியாது. உன் அம்மாவிடம் போன செவ்வாய்க்கிழமை சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. "என் பையன் கண்ணு போனதுக்கு அந்தப் பையனுக்குத் தோசை சுட்டுப் போட்டதை நெனச்சு நெனச்சு வருத்தப்பட்டிருக்கறனுங்க. அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை, தட்டில் சோறு மட்டும் வைக்கிறாள்.

மறுநாள் சங்கத்துக்குப் போய் நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். துப்பாக்கியையும் மிச்சம் இருந்த தோட்டாக்களையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டேன். விசாரணை வந்தால் வரட்டும். அது முடிந்ததும் ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு குண்டலுபேட்டை பஸ் ஏறினேன்.

மாதேஷ் தோட்டத்தில் இருந்தான். உடம்பு பெருத்து, முன்தலை வழுக்கை விழுந்து, அவன் அப்பாவின் சாயல் வந்துவிட்டது. அவர் போய் நாலு வருஷம் ஆகிறதாம். துப்பாக்கி திரும்பி வரவே இல்லை. பன்றி இரண்டு போகம் மரவள்ளியைத் தோண்டிப் போட்ட பிறகு சூரிய மின்கம்பி வேலி போட்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, "கூத்கொள்ளி சார்" என்றான். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். பூஜை, பாலிஷ், பை, கழிவறை, எல்லாம். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். முடித்ததும், "கொத்து சார், தெரியும்" என்றான். நான் புரியாமல் பார்த்தேன்.

"காலையில நீங்க அவன் பையில கை வச்சுத் தோட்டா மாத்தினத நான் பாத்தேன் சார். தண்ணி பாட்டில் எடுக்க வந்தேன். என்னமோ அப்பா, பையன் விஷயம்னு விட்டுட்டேன்."

"அப்பறம் ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னேன் சார். ஆஸ்பத்திரியில மூணாவது நாள், நீங்க டீ குடிக்கப் போயிருந்தீங்க. அவன்கிட்டயே சொன்னேன்."

அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"கட்டு போட்டுப் படுத்திருந்தான். அழுதா கண்ணுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு, அதனால பல்லக் கடிச்சிட்டுக் கெடந்தான். அப்பறம் சொன்னான். 'நீ யார்கிட்டயும் சொல்லாத. அப்பாவே எங்கிட்ட சொல்வாரு. அவரு சொல்ற வரைக்கும் நீ வீட்டுக்கு வராதடா. உன் மூஞ்சியப் பாத்தா எங்கப்பாவ வெறுத்துடுவேன்.' அவ்வளவுதான் சார். நான் போகல."

பத்திரிகையை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினான், உள்ளே உன் பெயரைப் பார்த்தான், பிறகு திருப்பி என் கையிலேயே வைத்துவிட்டான். "அவன் கூப்பிட்டா வர்றேன் சார். நீங்க கூப்பிட்டு நான் வரக்கூடாது" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நிற்கும் இடம் வரை கூடவே வந்தான்.

குமரேசா, திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஞாபகத்தில் ஓடியது. இந்த ஒன்பது வருஷத்தில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கு முதல் நாளும் நஞ்சன்கூட்டிலிருந்து நீ வந்துவிடுவாய். நான் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தால் எதிரில் வந்து நீயும் உட்கார்வாய். விளக்கு தேய்க்க மாட்டாய், போன் பார்க்க மாட்டாய், சும்மா உட்கார்ந்திருப்பாய். கடைசியில் எழுந்திருக்கும்போது, "வேற ஒண்ணும் இல்லையாப்பா?" என்று கேட்பாய். மளிகைச் சாமான் ஏதாவது வாங்கி வரவேண்டுமா என்று கேட்கிறாய் என்று நினைத்து, "ஒண்ணும் இல்லடா, போ" என்பேன். ஒன்பது முறை கேட்டிருக்கிறாய். ஒன்பது முறையும் போ என்று சொல்லியிருக்கிறேன்.

இருந்தது, கண்ணு. நீ வெறுத்தது அவனை இல்லை என்று எனக்குத் தெரியாது. என்னை வெறுக்காமல் இருக்கத்தான் அவனை விட்டுக் கொடுத்தாய் என்றும் தெரியாது. பத்திரிகை இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. மேலே பெயர் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை குண்டலுபேட்டைக்குப் போ. முதலில் அவனைப் போய்ப் பார். என்னை வெறுப்பதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு யோசி.

அப்பா